சைமா: வாசல் தேடிய ஏரி

பின்லாந்தின் மிக்கேலி நகருக்குத் தெற்கே, ரிஸ்டீனா பக்கத்தில், அஸ்துவன்சல்மி என்றொரு பாறை இருக்கிறது. ஏரிக்கரையில் செங்குத்தாக எழும் கருங்கல். தள்ளி நின்று பார்த்தால் மனித முகத்தின் பக்கவாட்டுத் தோற்றம் தெரியும். அதன்மேல் செங்காவியில் மூஸ் மான்கள், படகுகள், கைத்தடங்கள், வில் பிடித்த ஒரு பெண் என்று அறுபதுக்கும் மேற்பட்ட உருவங்கள். பழையவற்றுக்கு ஏறத்தாழ 5,000 வயது. 1968-ல்தான் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது.

படகில் போகிறவர் இவற்றை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இன்றைய நீர்மட்டத்தை விடப் பல மீட்டர் மேலே இருக்கின்றன. அவ்வளவு உயரத்துக்குக் கை எப்படி எட்டியது? எட்டவே வேண்டியிருக்கவில்லை. அன்றைக்குத் தண்ணீரே அந்த உயரத்தில் இருந்தது. கோடையில் படகில் நின்றோ, குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் நின்றோ வரைந்திருக்கிறார்கள். மேலே இருப்பவை மூத்தவை. கீழே வர வர வயது குறைகிறது. தண்ணீர் இறங்க இறங்க ஓவியர்களும் கூடவே இறங்கி வந்திருக்கிறார்கள்.

அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? பின்லாந்தின் ஏரி நாட்டைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியை விட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 'ஆயிரம் ஏரிகளின் நாடு' என்பது சுற்றுலாத் துண்டறிக்கை வாசகம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டவற்றை மட்டும் எண்ணினாலே 1,87,888 வருகின்றன. இத்தனை ஏரிகளை வரிசையாக விவரித்து ஒரு பயனும் இல்லை. எல்லாவற்றிலும் பெரியதான சைமாவை எடுத்துக்கொண்டு, அதன் மறுகால், அதாவது மிகுந்த நீர் வெளியே வழியும் வாசல், எந்தப் பக்கம் பாய்ந்தது, அந்த வழி யார் கையில் இருந்தது என்று பார்த்தால் இந்தப் பகுதியின் வரலாற்றில் பெரும்பகுதி தானாக விளங்கிவிடும்.

கடைசிப் பனியுகத்தில் இந்த நிலத்தின் மேல் இரண்டு மூன்று கிலோமீட்டர் கனத்துக்குப் பனி கிடந்தது. அந்தப் பாரத்தில் பூமியின் மேலோடே கீழே அமுங்கியது. நகர்ந்த பனி, பாறையில் பலவீனமான இடங்களைச் சுரண்டிப் பள்ளமாக்கியது. அப்புறம் உருகிப் பின்வாங்கத் தொடங்கியது. ஆனால் 12,000 ஆண்டுகளுக்கு முன் வாக்கில் காலநிலை மறுபடி குளிர்ந்ததால், பனியின் விளிம்பு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பனிக்கு அடியில் ஓடிவந்த உருகுநீர் கொண்டுவந்த மணலும் சரளையும் அந்த விளிம்பு நெடுகக் கொட்டிக் குவிந்தன. தென்மேற்கில் ஹாங்கோ முனையில் தொடங்கிக் கிழக்கே கரேலியா வரை 500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த மேட்டுக்குப் பெயர் சல்பவுஸ்செல்கா. பின்னிஷ் மொழியில் 'சல்பா' என்றால் தாழ்ப்பாள். பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை. மனிதர் யாரும் கட்டாத ஒரு பிரம்மாண்ட ஏரிக்கரை அது. அதற்கு வடக்கே தேங்கியதுதான் ஏரி நாடு.

'செல்கா' என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். அதற்கு 'முதுகு' என்று பொருள்; மலைமுகடும் செல்காதான். ஆனால் ஏரியில் தீவுகள் விலகித் திறந்து கிடக்கும் அகன்ற நீர்ப்பரப்புக்கும் அதே பெயர். மேட்டையும் தண்ணீரையும் ஒரே சொல்லால் அழைக்கிற மக்கள். சைமாவின் வரைபடத்தைப் பார்த்தால் அதில் ஒன்றும் வியப்பில்லை. 4,400 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் ஏறத்தாழ 14,000 தீவுகள். கரையின் நீளமும் கிலோமீட்டரில் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. எங்கே ஏரி முடிந்து நிலம் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. உண்மையில் சைமா ஒற்றை ஏரியும் இல்லை. ஹவுகிவெசி, பிஹ்லயவெசி, புருவெசி, ஒரிவெசி, பியுஹாசெல்கா என்று தனித்தனிப் பெயர் கொண்ட பல ஏரிகள் குறுகிய நீரிணைகளால் கோக்கப்பட்டு, எல்லாம் கடல்மட்டத்துக்கு 76 மீட்டர் மேலே ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கின்றன.

சரி, மறுகாலுக்கு வருவோம்.

பனியின் பாரம் நீங்கியதும் அமுங்கிய நிலம் மெல்ல எழும்பத் தொடங்கியது. இன்னும் எழும்பிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் இல்லை. பனி மிகக் கனமாக இருந்த வடமேற்கில், பொத்னியா வளைகுடாப் பக்கம், இன்றும் ஆண்டுக்கு 8, 9 மில்லிமீட்டர் உயர்கிறது. தென்கிழக்கில் அதில் பாதிகூட இல்லை. சாப்பாட்டுத் தட்டின் ஒரு விளிம்பை மட்டும் மெல்லத் தூக்கினால் ரசம் எதிர்ப்பக்கம் ஓடுமே, அதுதான் சைமாவுக்கும் நடந்தது. ஆதியில் அதன் நீர் வடமேற்கே பொத்னியா வளைகுடாவுக்கு வழிந்தது. நிலம் அந்தப் பக்கம் உயர்ந்து வாசலை அடைத்தது. நீர்மட்டம் ஏறியது, தண்ணீர் தென்மேற்கில் கியுமி ஆற்றுப் பக்கம் வேறு வழி கண்டது. அதுவும் போதவில்லை. தென்கிழக்குக் கரையில் தண்ணீர் வருஷா வருஷம் உயர்ந்து, அங்கே காட்டையும் மனிதர் குடியிருந்த இடங்களையும் மூழ்கடித்தது. கடைசியில், ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்கு முன், இன்றைய இமாத்ரா நகருக்கு அருகே தாழ்ப்பாள் உடைந்தது. சல்பவுஸ்செல்கா மேட்டை அறுத்துக்கொண்டு தண்ணீர் லடோகா ஏரியை நோக்கிப் பாய்ந்தது. அப்படிப் பிறந்த ஆறுதான் வுவோக்ஸி. சைமாவின் மட்டம் விறுவிறுவென்று சில மீட்டர் இறங்கியது. அஸ்துவன்சல்மி ஓவியங்கள் அந்தரத்தில் நின்றதற்குப் பின்னால் இருப்பது அன்று தொடங்கிய இறக்கம்தான்.

அன்று முதல் சைமாவுக்கு இயற்கையான வாசல் அது ஒன்றுதான். வுவோக்ஸி லடோகாவில் சேர்கிறது, லடோகாவில் இருந்து நேவா கிளம்புகிறது, நேவா செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரண்மனை வாசலைத் தொட்டுக் கடலில் கலக்கிறது. பின்லாந்தின் நடுக்காட்டில் பெய்த மழை ரஷ்யாவின் பழைய தலைநகர் வழியாகத்தான் கடலுக்குப் போக முடியும். அரசியலில் பின்னால் வந்த பல தலைவலிகளுக்கு இதில் காரணம் இருக்கிறது.

வாசல் மாறிய குழப்பத்தில் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட ஒரு குடும்பமும் உண்டு. கடலோடு தொடர்பு அறுந்தபோது உள்ளே சிக்கிய சீல்கள் (கடல்நாய்கள்), ஏறத்தாழ 10,000 ஆண்டுகளாக நன்னீரிலேயே வாழ்ந்து சைமா வளைய சீலாக ஆகியிருக்கின்றன. கரும்பழுப்புத் தோலில் வெளிர் வளையங்கள் இருப்பதால் அந்தப் பெயர். உலகத்தில் வேறெங்கும் இல்லை. மீன் தின்னும் திருடன் என்று தலைக்குப் பரிசு வைத்து வேட்டையாடினார்கள்; 1955-ல் பாதுகாப்பு வந்தது; 1980-களில் நூற்றுச் சொச்சம்தான் மிச்சம். இன்று நானூறைத் தாண்டியிருக்கிறது. இதைப் பற்றிக் கடைசியில் மறுபடி பேச வேண்டியிருக்கும்.

மனிதர்கள் இங்கே பிழைத்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பகுதியின் சவோ மக்கள் காட்டை எரித்து விவசாயம் செய்தவர்கள். பெரிய ஸ்புரூஸ் மரங்களை வெட்டிச் சாய்த்து, சில ஆண்டு காயவிட்டு, கொளுத்தி, சாம்பலில் ரை தானியம் விதைப்பார்கள். ஒன்றிரண்டு போகம் அமோக விளைச்சல். பிறகு மண் ஓய்ந்துவிடும். அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். இப்படி நகர்ந்து நகர்ந்து 1600 வாக்கில் ஸ்வீடனின் வேர்ம்லாண்ட் காடுகள் வரைக்கும் போய்க் குடியேறியிருக்கிறார்கள். அந்த ரை மாவில் தடித்த மேலோடு செய்து, உள்ளே முயிக்கு என்ற சிறு மீனையும் பன்றிக் கொழுப்பையும் அடைத்து, மணிக்கணக்கில் அடுப்பில் வேகவைத்தால் கலகுக்கோ. பார்த்தால் முழு ரொட்டி. அறுத்தால் உள்ளே முள் கரைந்த மீன். காட்டுக்கு வேலைக்குப் போகிறவனுக்குச் சாப்பாடும் அதுவே, பாத்திரமும் அதுவே. சாலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடி ஒரு நீளப் படகைத் துடுப்புப் போட்டுக்கொண்டு தேவாலயம் போகும். குளிர்காலத்தில் உறைந்த ஏரியே நெடுஞ்சாலை.

இப்படி இடம் மாறி வாழ்கிற மக்களுக்கு நடுவில் எல்லைக்கோடு போட்டால் என்ன ஆகும்? 1323-ல் ஸ்வீடனும் நோவ்கொரோத் என்ற ரஷ்ய அரசும் பேகினாசாரி உடன்படிக்கையில் எல்லை பிரித்துக்கொண்டன. காகிதத்தில் கோடு இருந்தது; காட்டில் அது எங்கே போகிறது என்பதில் சண்டை தீரவேயில்லை. அந்தச் சண்டையின் நடுவில்தான் 1475-ல் எரிக் அக்சல்சன் தோட் என்ற பிரபு, ஸ்வீடன் பக்கத்துக்காக, கியுரோன்சல்மி நீரிணையில் இருந்த ஒரு பாறைத் தீவில் ஒலவின்லின்னா கோட்டையைக் கட்டத் தொடங்கினார். அந்த இடம் எங்களுடையது என்பது எதிர்ப்பக்கத்தின் வாதம். தோட் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்கள்: வடக்கே ஹவுகிவெசி, தெற்கே பிஹ்லயவெசி, இரண்டையும் இணைக்கும் முக்கிய நீர்வழி இது. இதை அடைத்தால் பாதி ஏரி நாடு கையில். நீரோட்டம் வேகமாக இருப்பதால் குளிர்காலத்திலும் இங்கே தண்ணீர் உறையாது. பனிமேல் நடந்து வந்து கோட்டையைப் பிடிக்கவும் முடியாது. அந்தக் கோட்டையைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் சவோன்லின்னா. இன்று அதே முற்றத்தில் கோடைதோறும் ஓபரா விழா நடக்கிறது. 1912-ல் பாடகி ஐனோ அக்தே தொடங்கியது.

1743-ல் துர்க்கு உடன்படிக்கையில் இந்தக் கோட்டை ரஷ்யாவிடம் போனது; தெற்கே லப்பேன்ரந்தாவும் போனது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் படகு போக வேண்டிய புவுமலா நீரிணை ஸ்வீடன் கையிலேயே தங்கிவிட்டது. முன்கதவும் பின்கதவும் ஒருவனுக்கு, நடுக்கூடம் இன்னொருவனுக்கு. 1788-ல் ரஷ்யாவோடு போர் தொடங்கக் காரணம் தேடிய ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவுக்கு இந்தப் புவுமலாதான் கைகொடுத்தது. ஸ்டாக்ஹோம் அரச ஓபராவின் தையற்காரரிடம் ரஷ்யச் சீருடைகள் தைத்து, தங்கள் ஆட்களுக்கே மாட்டிவிட்டு, தங்கள் காவல்நிலையை அவர்களே தாக்கிக்கொண்டார்கள். அப்புறம், 'ரஷ்யன் அடித்துவிட்டான்' என்று போர். இரண்டு ஆண்டு சண்டைக்குப் பிறகும் எல்லை ஓர் அங்குலம் நகரவில்லை.

போர் முடிந்ததும் ரஷ்யா, தளபதி சுவோரோவை அனுப்பியது. எதிரியின் நீரிணை வழியாகப் போக முடியாதென்றால் நிலத்தை வெட்டிப் போவோம் என்று, 1791-க்கும் 1798-க்கும் இடையில் குத்வெலே, காயுஹ்கா, குகொன்ஹர்யு, தெலதைபலெ என்ற நான்கு இடங்களில் கால்வாய் வெட்டினார்கள். ஒவ்வொன்றும் இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு இடைப்பட்ட சின்ன நிலத்துண்டைப் பிளப்பதுதான். ஆனால் கல்லும் மண்ணும் கையால் அள்ளிய காலம். இப்போது ரஷ்யப் படகுகள் ஸ்வீடன் தண்ணீரைத் தொடாமலே ஒலவின்லின்னாவை அடையலாம். பதினோரு வருஷம் கழித்து, 1809-ல், பின்லாந்து முழுவதுமே ரஷ்யாவின் கையில் வந்துவிட்டது. கால்வாய்களுக்கு வேலை போயிற்று. குத்வெலேயில் மட்டும் இன்றும் கோடையில் சிறு படகுகள் போகின்றன. கரையில் அடுக்கிய கற்கள் அப்படியே இருக்கின்றன.

எல்லை இல்லாமல் போனதும் வேறு கணக்கு ஆரம்பித்தது. காட்டில் மரம் இருக்கிறது, பீட்டர்ஸ்பர்க்கில் வாங்க ஆள் இருக்கிறது, நடுவில் 76 மீட்டர் உயர வித்தியாசம். வுவோக்ஸி வழியில் இமாத்ரா அருவிப்பாய்ச்சல் இருப்பதால் படகு போகாது. 1772-ல் பேரரசி இரண்டாம் கத்தரீன் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு அது பிரபுக்களின் வேடிக்கைத் தலமாகிவிட்டிருந்தது. வேடிக்கைக்குச் சரி, வியாபாரத்துக்கு உதவாது. சல்பவுஸ்செல்காவை வெட்டிக் கடலுக்கு வழி செய்யும் முயற்சி 1500-களிலும் 1600-களிலும் நடந்து தோற்றது. லப்பேன்ரந்தா அருகே அந்தப் பாதிப் பள்ளம் இன்னும் கிடக்கிறது. 1845-ல் தொடங்கி, 1856 செப்டம்பர் 7-ஆம் தேதி, இரண்டாம் அலெக்சாந்தர் முடிசூடிய நாளில், சைமா கால்வாய் திறந்தது. 28 லாக்குகள். கப்பலை ஒரு கல்தொட்டிக்குள் விட்டு, முன்னும் பின்னும் கதவை அடைத்து, தண்ணீரை வடித்து ஒரு படி இறக்குவது. அடுத்த தொட்டியில் இன்னொரு படி. இப்படியே வீபுரித் துறைமுகம் வரை. இயற்கை கொடுத்த வாசலுக்குப் பக்கத்தில் மனிதன் போட்ட இரண்டாவது வாசல். சவோ கிராமத்தின் மரமும் வெண்ணெயும் கடலைப் பார்த்தன.

தண்ணீரை விரும்பியபடி நடத்தலாம் என்ற தைரியம் அப்போது எல்லோருக்கும் இருந்தது. அதற்கு ஒரு அடி விழுந்த இடம், யோயென்சூ ஊருக்கு வடக்கே உள்ள ஹோயுதியாய்னென் ஏரி. சைமாவின் பியுஹாசெல்காவுக்கு மேலே, மணல் மேட்டுக்குப் பின்னால் நின்ற ஏரி. மட்டத்தைக் கொஞ்சம் குறைத்தால் புல்வெளியும் வயலும் கிடைக்கும் என்று கால்வாய் தோண்டி, அணையும் மதகும் வைத்தார்கள். அடியில் இருந்ததோ மணல். 1859 ஆகஸ்ட் தொடக்கத்தில் தண்ணீர் அணையை உடைத்துக்கொண்டு கிளம்பியது. கால்வாய் பள்ளத்தாக்காக ஆனது. ஏரி ஒன்பதரை மீட்டர் இறங்கியது. 170 சதுர கிலோமீட்டர் நிலம் வெளியே வந்தது. அடித்துப் போன மண் பியுஹாசெல்காவில் குவிந்து புதிதாக ஒரு கழிமுகத் திட்டையே உண்டாக்கியது; இன்று அது பறவைகளின் இடம். கேட்டது வயல், கிடைத்ததும் வயல்தான். ஆனால் கொடுத்த விதம் தண்ணீருடையது.

1899-ல் இன்னொரு பாடம். அந்த ஆண்டு பிப்ரவரியில் இரண்டாம் நிக்கோலாஸ், பின்லாந்தின் தன்னாட்சியைக் குறைக்கும் அறிக்கையை வெளியிட்டார். முடிசூடும்போது காப்பேன் என்று கொடுத்த வாக்கை மீறினார் என்று நாடே கொதித்தது. ஐந்து லட்சம் பேர் கையெழுத்திட்ட மனுவை வாங்கக்கூட அவர் மறுத்தார். அதே கோடையில் சைமா பதிவேட்டிலேயே காணாத உயரத்துக்கு ஏறி வயல்களையும் வீடுகளையும் மூழ்கடித்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர்: வாக்குத் தவறியவனின் வெள்ளம். பனி அதிகம் பெய்த குளிர்காலமும் ஒரே ஒரு குறுகிய மறுகாலும்தான் காரணம் என்று நீரியல் சொல்லும். ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

1917-ல் சுதந்திரம் வந்தது. 1940-லும் மறுபடி 1944-லும் சோவியத் யூனியனோடு நடந்த போர்களின் முடிவில் எல்லை மேற்கே நகர்ந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கரேலியர்கள் வீட்டை விட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். ஏரி நாட்டைப் பொறுத்தவரை நடந்தது இது: இரண்டு வாசலும் ஒருசேர அடுத்தவன் தெருவுக்குப் போய்விட்டன. வுவோக்ஸி இமாத்ராவைத் தாண்டியதும் எல்லையைக் கடக்கிறது. கால்வாயின் கடைசிப் பாதியும் வீபுரித் துறைமுகமும் அந்தப் பக்கம். வுவோக்ஸிக் கரையில் இருந்த என்சோ என்ற ஆலை ஊரும் போயிற்று, ஸ்வெதொகோர்ஸ்க் என்று பெயர் மாறியது. ஆனால் அந்த ஊர்ப் பெயரைச் சுமந்த கம்பெனி இந்தப் பக்கம் பிழைத்து, ஸ்தோரா என்சோ என்று இன்றும் காகித அட்டைப் பெட்டிகளில் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

1963-ல் பின்லாந்து, கால்வாயின் சோவியத் பகுதியை 50 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. தன் நாடாக இருந்த நிலத்துக்கே வாடகை கட்டுவது சங்கடம்தான்; ஆனால் மர வியாபாரத்துக்கு வழி வேண்டுமே. 28 லாக்குகளுக்குப் பதில் எட்டே பெரிய லாக்குகளோடு புதிய கால்வாய் 1968-ல் திறந்தது: மூன்று பின்லாந்தில், ஐந்து அந்தப் பக்கம். பின்னர் குத்தகையும் நீட்டிக்கப்பட்டது. 2022-ல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு சரக்குப் போக்குவரத்து அநேகமாக நின்றுவிட்டது. 2023 முடிவில் கிழக்கு எல்லையின் சாலைகளையும் பின்லாந்து அடைத்தது.

கப்பலை நிறுத்தலாம், லாரியை நிறுத்தலாம். வுவோக்ஸியை நிறுத்த முடியாது. சராசரியாக நொடிக்கு 600 கன மீட்டர் தண்ணீர் எல்லை தாண்டுகிறது. இமாத்ராவில் 1929-ல் முடிந்த மின்நிலையம், நீர்மின் நிலையங்களில் நாட்டிலேயே பெரியது. பழைய அருவிப்பாய்ச்சலின் பாறைப் படுகை இப்போது ஆண்டின் பெரும்பகுதி உலர்ந்து கிடக்கிறது, கோடையில் வேடிக்கை பார்ப்பவர்களுக்காக நேரம் வைத்துக் கொஞ்ச நேரம் திறந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கமும் இரண்டு மின்நிலையங்கள். தண்ணீரை இவர்கள் பிடித்துவைத்தால் அவர்களுக்கு நஷ்டம். ஒரேயடியாகத் திறந்தாலும் நஷ்டம். அதனால் 1989-ல் இரு நாடும் ஒரு விதியில் கையெழுத்திட்டன: சைமாவின் மட்டம் வழக்கமான அளவுக்கு அரை மீட்டர் மேலோ கீழோ இருக்கும்வரை வுவோக்ஸியை இயல்பாக ஓடவிட வேண்டும், அதைத் தாண்டும் ஆபத்து தெரிந்தால் மட்டும் முன்கூட்டியே கூட்டியோ குறைத்தோ விடலாம்.

இந்த அரை மீட்டரில் சீலுக்கும் பங்கு இருக்கிறது. தாய் சீல் ஜனவரியில், கரையோரப் பனிக்குவியலுக்குள், அடியில் உள்ள ஓட்டை வழியாக ஏறி ஒரு குகை குடைந்துகொள்ளும். பிப்ரவரி, மார்ச்சில் குட்டி பிறக்கும். நடுக்குளிர்காலத்தில் ஏரியின் மட்டம் சட்டென்று இறங்கினால், மேலே உள்ள பனித்தளம் வளைந்து உடைந்து குகை இடியும். இப்போது அதற்கு மேல் ஒரு கவலை: குகை குடையும் அளவுக்குப் பனியே சில ஆண்டுகளில் விழுவதில்லை. அப்படிப்பட்ட குளிர்காலங்களில் தன்னார்வலர்கள் சறுக்குவண்டியில் ஏரிமேல் போய், சீல் வழக்கமாக வரும் கரைகளில், மண்வெட்டியால் பனியை அள்ளி இடுப்பளவு உயரத்துக்கு நீளமாகக் குவித்துவைத்துவிட்டு வருகிறார்கள். ஓட்டையை அவர்கள் போடுவதில்லை. அது அடியில் இருந்து வரவேண்டும்.